குறைந்த செலவில் ஹாக்கிக் கருவிகளும் பரிசுகளும்

ஹாக்கி எனப்படும் வளைதடிப் பந்தாட்டம், முனை வளைந்த மட்டையால் கடினமான பந்தைத் தள்ளியும் அடித்தும் எதிரணியின் கோலுக்குள் செலுத்தும் ஆட்டம் ஆகும். அணிக்கு 11 பேர் வீதம், 91.40 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில் ஆடுவர். ஒலிம்பிக்கில் இந்தியா இந்த ஆட்டத்தில் 8 தங்கப் பதக்கங்களை வென்றுள்ளது. அவற்றில் கடைசியாக 1980-ஆம் ஆண்டு மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன்.

புதிதாக ஆடத் தொடங்கும் மாணவர்களும் அவர்களது பெற்றோரும் எந்தக் கருவியை முதலில் வாங்க வேண்டும், எதைப் பிறகு வாங்கலாம், எதை வாங்காமலே இருக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஹாக்கி ரசிகர்களுக்கும் ஆடப் பழகுபவர்களுக்கும் தரத்தக்க பரிசுகளும் இறுதியில் கூறப்பட்டுள்ளன.

பெரும்பாலான குடும்பங்களில் இத்தகைய செலவுக்கு ஒருமுறைதான் பணம் ஒதுக்கப்படுகிறது. அந்தத் தொகை முழுவதும் பளபளப்பான ஒரு மட்டைக்கே போய்விட்டால், பல்லையும் காலையும் காக்கும் கருவிகளுக்குக் காசு மிஞ்சாது. பொருந்தாத மட்டையோடு ஆடும் பிள்ளை, தனக்கு ஆட வரவில்லை என்று எண்ணிச் சில மாதங்களில் ஒதுங்கிவிடுவதும் உண்டு. ஆகவே விலையைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை ஆடப்போகும் தரை எது? பிள்ளையின் உயரம் என்ன? உடலின் எந்தெந்தப் பகுதிகளுக்குக் காப்பு தேவை? மட்டையின் பெயரும் நிறமும் இவற்றுக்குப் பிறகே வரும்.

எந்த ஹாக்கி?

இணையக் கடைகளில் ஹாக்கி என்று தேடினால் பனித்தரை ஹாக்கிக்கான பொருள்களும் சேர்ந்தே வரும். அந்த ஆட்டத்தில் பந்து கிடையாது. தட்டையான ரப்பர் வட்டு உண்டு. அதற்கான மட்டை மிக நீளமானது. நம் ஊர் ஆட்டத்துக்கு உதவாது. வலக்கை மட்டை, இடக்கை மட்டை என்ற பிரிவும் பனித்தரை ஹாக்கியில்தான் உண்டு.

திடல் ஹாக்கியில் எல்லா மட்டைகளும் ஒரே அமைப்பு உடையவை. இடப்பக்கம் தட்டையாகவும் வலப்பக்கம் உருண்டும் இருக்கும். தட்டையான பக்கத்தால்தான் பந்தை ஆட வேண்டும். இடக்கைப் பழக்கம் உள்ளவரும் இதே மட்டையையே பயன்படுத்த வேண்டும்.

உள்ளரங்க ஹாக்கிக்கென்று மெலிந்த, எடை குறைந்த மட்டைகளும் விற்பனைக்கு உள்ளன. விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கித் திடலில் பந்தை ஓங்கி அடித்தால் விரைவில் உடைந்துவிடும். வாங்கும் முன் பொருளின் விவரத்தில் திடல் ஹாக்கி என்று இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தரைக்கு ஏற்ற மட்டை

1976-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. அதன் பிறகு பன்னாட்டு ஆட்டம் புல்தரையை விட்டு விலகியது. ஆட்டத்தின் வேகம் கூடியது, மட்டைகளும் மாறின. மரத்தின் இடத்தைக் கார்பன் இழை, கண்ணாடி இழை போன்றவற்றைப் பிசினில் தோய்த்துச் செய்யும் காம்போசிட் மட்டைகள் பிடித்துக்கொண்டன. இன்று தொலைக்காட்சியில் காணும் வீரர்கள் அனைவரின் கையிலும் இருப்பவை இத்தகைய மட்டைகளே.

ஆனால் நம் பள்ளிகளில் பலவற்றின் திடல் செம்மண்ணோ சரளையோ கொண்டது. தெருவில் ஆடும் பிள்ளைகளுக்கோ தார்ச்சாலையும் சிமெண்டுத் தரையும்தான் களம். அத்தகைய தரையில் காம்போசிட் மட்டையின் அடிப்பகுதி உரசித் தேயும். மேற்பூச்சு போனதும் உள்ளிருக்கும் இழைகள் பிரியத் தொடங்கும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய மட்டை ஒரு பருவத்துக்குள் வீணாகிவிடலாம். மர மட்டையும் தேயும் என்றாலும் அதன் விலை குறைவு. உப்புத்தாள் தேய்த்து, நாடா ஒட்டி மேலும் சில காலம் ஓட்டலாம்.

மண் தரையில் ஆடும் தொடக்கநிலை மாணவருக்கு மர மட்டை போதும். செயற்கைப் புல்தரையில் வாரத்தில் சில நாள்களேனும் பயிற்சி பெறுபவருக்குக் காம்போசிட் மட்டை ஏற்றது. தண்ணீர் தெளித்து ஆடும் அத்தரையில் மர மட்டை ஈரத்தை உறிஞ்சி எடை கூடும், நாளடைவில் பிளக்கும்.

காம்போசிட் மட்டையிலும் கார்பன் அளவு கூடக்கூட விறைப்பும் விலையும் கூடும். விறைப்பான மட்டை பந்தை வேகமாக அனுப்பும். ஆனால் வரும் பந்தை நிறுத்தும்போது அதிர்ந்து பந்தைத் தள்ளிவிடும். பந்தை நிறுத்தக் கற்பதே தொடக்கநிலையின் முதல் பாடம். எனவே கண்ணாடி இழை மிகுந்த, கார்பன் குறைந்த மட்டையே கற்பவருக்கு உதவும். விலை குறைந்த மட்டையே இங்குப் பொருத்தமான மட்டையாகவும் அமைகிறது.

விலையைப் பொறுத்தவரை, மர மட்டைகள் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. தொடக்கநிலைக் காம்போசிட் மட்டைகள் ஆயிரத்தைத் தாண்டும். கார்பன் மிகுந்த உயர்தர மட்டைகள் பத்தாயிரத்துக்கு மேலும் போகும்.

இந்தியாவில் ஹாக்கி மட்டைகள் செய்யும் முதன்மையான ஊர்கள் பஞ்சாபிலுள்ள ஜலந்தரும் உத்தரப் பிரதேசத்திலுள்ள மீரட்டும் ஆகும். 1947-இல் நாடு பிரிந்தபோது சியால்கோட்டிலிருந்து வந்த விளையாட்டுப் பொருள் கைவினைஞர்கள் இவ்வூர்களில் தொழிலை வேரூன்றச் செய்தனர். முசுக்கட்டை மரத்தை ஆவியில் வாட்டி வளைத்து மட்டையின் தலை செய்யப்படுகிறது. வெளிநாட்டுப் பெயர் பொறித்த மட்டை வாங்க இயலாதவர்கள் இவ்வூர்களில் செய்யப்பட்ட மட்டைகளைத் தயங்காமல் வாங்கலாம்.

விதிமுறை அளவுகள்

பன்னாட்டு விதிகளின்படி மட்டையின் நீளம் 105 சென்டிமீட்டருக்கும், எடை 737 கிராமுக்கும் மிகக் கூடாது. 51 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட வளையத்தின் வழியே மட்டை நுழைய வேண்டும். தண்டின் வளைவு 25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஓரங்கள் கூராகவோ சிலாம்பு நீட்டிக்கொண்டோ இருக்கக் கூடாது.

கடைகளில் கிடைக்கும் மட்டைகள் பெரும்பாலும் உச்ச எடையைவிடப் பல கிராம் குறைவானவையே. தொடக்கநிலை மாணவருக்கு எடை குறைந்த மட்டை நல்லது. மணிக்கட்டைத் திருப்பி மட்டையைப் புரட்டும் பயிற்சி அதில் எளிதாக வரும்.

தண்டின் வளைவு தலைக்கு அருகில் அமைந்த மட்டைகள் பெனால்டி கார்னரில் பந்தை இழுத்து வீசும் தேர்ந்த வீரர்களுக்கு உரியவை. கற்பவருக்கு வளைவு குறைந்த, நடுவில் வளைந்த மட்டையே போதும். மட்டைத் தலையின் வடிவத்தில் மிடி எனப்படும் வகை எல்லா இடங்களிலும் ஆடுவதற்கு ஏற்றது.

உயரத்துக்கு ஏற்ற நீளம்

வளரும் பிள்ளைதானே என்று சட்டையையும் செருப்பையும் ஓர் அளவு கூட்டி வாங்குவது நம் வீடுகளின் வழக்கம். ஹாக்கி மட்டையில் இந்த வழக்கம் உதவாது. நீளமான மட்டையின் கைப்பிடி நுனி வயிற்றில் இடிக்கும். அதைத் தவிர்க்கப் பிள்ளை நிமிர்ந்து நிற்கும் அல்லது கைகளைக் கீழே இறக்கிப் பிடிக்கும். இரண்டுமே பிழையான பழக்கங்கள். பின்னாளில் திருத்துவது கடினம். மட்டை மிகக் குட்டையாக இருந்தால் முதுகை அதிகம் வளைக்க நேர்ந்து இடுப்பு வலி வரும்.

வீட்டிலேயே அளந்து பார்க்க எளிய வழி உண்டு. பிள்ளை காலணியோடு நேராக நிற்க வேண்டும். மட்டையின் தலையைத் தரையில் ஊன்றிக் காலருகே செங்குத்தாக நிறுத்த வேண்டும். கைப்பிடியின் மேல் நுனி இடுப்பெலும்பின் உயரத்தை எட்டினால் அளவு சரி.

மட்டைகள் அங்குலக் கணக்கில் விற்கப்படுகின்றன. பின்வரும் அளவுகள் ஏறத்தாழப் பொருந்தும்.

உயரம் 4 அடி வரை: 28 முதல் 30 அங்குலம்
உயரம் நாலரை அடி அளவில்: 32 முதல் 33 அங்குலம்
உயரம் 5 அடி அளவில்: 35 அங்குலம்
உயரம் 5 அடி 4 அங்குலம் முதல் 5 அடி 10 அங்குலம் வரை: 36.5 அங்குலம்
அதற்கு மேல்: 37.5 அங்குலம்

இரண்டு அளவுகளுக்கு இடையில் ஐயம் வந்தால் தொடக்கநிலை மாணவருக்குச் சிறியதையே தேர்ந்தெடுக்கலாம்.

கடையில் கவனிக்க வேண்டியவை

மட்டையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, கைப்பிடியிலிருந்து தலை நோக்கிப் பார்க்க வேண்டும். தண்டு பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டிருந்தால் அது வேண்டாம். மர மட்டையில் மரத்தின் வரிகள் நீளவாக்கில் ஓட வேண்டும். வரிகள் குறுக்கே வெட்டினால் அந்த இடத்தில் உடையும். கைப்பிடியும் தலையும் சேரும் இடத்தில் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

பழைய மட்டை வாங்குவது நல்ல சிக்கனம். மூத்த மாணவர்கள் உயரம் கூடியதும் ஒதுக்கிவைக்கும் மட்டைகள் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். காம்போசிட் மட்டையாயின் தண்டு முழுவதையும் நாணயத்தால் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். ஓரிடத்தில் மட்டும் ஒலி மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கக்கூடும். தலையின் அடிப்பகுதியில் இழை தெரிந்தாலும் தவிர்க்க வேண்டும். கைப்பிடியின் உறை கிழிந்திருப்பது குறையே அன்று. புதிய உறை சுற்றிக்கொள்ளலாம்.

உடல் காப்புக் கருவிகள்

ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. சுற்றளவு 224 முதல் 235 மில்லிமீட்டர் வரை. ஏறத்தாழக் கிரிக்கெட் பந்தின் அளவும் எடையும் கொண்ட இது, நெகிழாத கடினப் பந்து. கிரிக்கெட்டில் ஆடும்போது மட்டையாளருக்குக் காப்புகள் உண்டு. ஹாக்கியில் பத்துப் பேர் ஒருவரையொருவர் நெருங்கி நின்று ஆடுகின்றனர். பந்து மட்டுமன்றி எதிராளியின் மட்டையும் படக்கூடும்.

முதலாவது, பல் காப்பு. மவுத் கார்டு எனப்படும் இதன் விலை மட்டையின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. வெந்நீரில் இளக்கி, வாயில் வைத்துக் கடித்துத் தன் பல் வரிசைக்கேற்பப் பதித்துக்கொள்ளும் வகையே சிக்கனமானது. எவ்வளவு நேரம் வெந்நீரில் வைக்க வேண்டும் என்பது உறையில் அச்சிடப்பட்டிருக்கும். வளரும் பிள்ளைகளுக்குப் பல் வரிசை மாறுவதால் அவ்வப்போது புதிதாக வாங்க வேண்டும். பல்லில் கம்பி கட்டியவர்கள் பல் மருத்துவரிடம் கேட்டு வாங்குவது நல்லது. உடைந்த பல் மீண்டும் முளைப்பதில்லை என்பதை நினைவில் கொண்டால் இச்செலவைத் தள்ளிப்போட மனம் வராது.

இரண்டாவது, ஷின் கார்டு எனப்படும் கால் காப்பு. முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால் வரை மூட வேண்டும். கால்பந்துக்கான மெல்லிய காப்புகள் பல, கணுக்காலை மூடாமல் விடுகின்றன. அவை இல்லாததற்கு மேல் என்றாலும், புதிதாக வாங்குபவர் ஹாக்கிக்கு உரியதையே கேட்டு வாங்க வேண்டும். உட்புறப் பஞ்சு தடிப்பாகவும், கழற்றித் துவைக்கக் கூடியதாகவும் இருப்பது நல்லது.

மூன்றாவது, இடக்கைக் கையுறை. தரையோடு மட்டையைப் படுக்கவைத்துப் பந்தைத் தடுக்கும்போது இடக்கையின் விரல் மூட்டுகள் தரையில் உரசும். மண் தரையில் ஆடுபவருக்கு இது மிகவும் பயன்படும். தொடக்கத்தில் ஒற்றைக் கையுறை போதும்.

பெனால்டி கார்னரைத் தடுக்க நிற்பவர்கள் முகக்கவசம் அணிவர். இதை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. அணிக்குப் பொதுவாகச் சில இருந்தால் போதும்.

காலணி

செயற்கைப் புல்தரையில் அடிப்பகுதி முழுவதும் சிறிய ரப்பர்க் குமிழ்கள் கொண்ட காலணி ஏற்றது. கால்பந்துக்கான நீண்ட கூர்முனைக் காலணிகள் தரையைக் கிழிக்கும் என்பதால் அங்கு அனுமதிப்பதில்லை. மண் தரையில் ஆடுபவருக்குப் பிடிப்புள்ள சாதாரண விளையாட்டுக் காலணியே போதும். காலணியை மட்டும் பிறர் பயன்படுத்தியதாக வாங்காமல் இருப்பது நல்லது. ஒருவர் கால் அமைப்புக்கேற்பத் தேய்ந்த காலணி இன்னொருவர் கணுக்காலை வலிக்கச் செய்யும்.

பந்து

செயற்கைத் தரைக்குச் சிறு குழிகள் கொண்ட பந்தும், மண் தரைக்கு வழுவழுப்பான பந்தும் பயன்படுகின்றன. ஒரே ஒரு பந்தாவது சொந்தமாக இருந்தால் பிள்ளை வீட்டு முற்றத்திலும் பழகலாம். மிகச் சிறிய பிள்ளைகள் டென்னிஸ் பந்தில் தொடங்கலாம். அடி பட்டாலும் காயம் வராது, அச்சமும் பழகாது.

கோல் கீப்பர் கருவிகள்

விதிகளின்படி கோல் கீப்பர் குறைந்தது தலைக்கவசம், கால் காப்பு, பாதக் காப்பு ஆகியவற்றை அணிய வேண்டும். மார்புக் காப்பு, கைக் காப்பு, தொண்டைக் காப்பு முதலியனவும் நடைமுறையில் இன்றியமையாதவை. இவற்றின் மொத்த விலை ஒரு குடும்பத்தின் சக்திக்கு மீறியது. எனவே இவற்றைப் பள்ளியோ மன்றமோ வாங்கிப் பொதுவில் வைத்திருப்பதே முறை. பெற்றோர்கள் சேர்ந்து ஒரு பொருளாக ஆண்டுதோறும் சேர்க்கலாம். காப்பு இல்லாத ஒரு பிள்ளையைக் கோலுக்கு முன் நிறுத்திப் பந்தை அடித்துப் பழகுவது எந்த நிலையிலும் கூடாது.

பரிசுகள்

ஆடும் பிள்ளைக்குப் பரிசு தர விரும்பும் உறவினர்கள் முதலில் மட்டையைத்தான் நினைப்பர். உயரமும் தரையும் தெரியாமல் வாங்கிய மட்டை பெரும்பாலும் பரணில்தான் கிடக்கும். மட்டை தர விரும்பினால் பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் செல்வதே சரியானது. மற்றபடி, செலவு குறைந்த பல பொருள்கள் உண்மையில் பயன்படும். கைப்பிடி உறை, பந்து, பல் காப்பு, நீண்ட காலுறை, மட்டைப் பை, பயிற்சிக் கூம்புகள் ஆகியவை எந்த உயரத்தவருக்கும் எந்தத் தரைக்கும் பொருந்துபவை. காலுறையில் மட்டும் பாத அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ரசிகர்களுக்கு இந்திய அணியின் நீலச் சட்டை விருப்பமான பரிசு. 2018 முதல் ஒடிசா மாநில அரசு இந்திய அணிகளின் ஆதரவாளராக இருப்பதால் சட்டையில் அம்மாநிலத்தின் பெயர் இடம்பெற்றுள்ளது.

வாசிப்பவருக்கு நூல் தரலாம். தியான் சந்தின் தன்வரலாறான ‘கோல்’ 1952-இல் சென்னையிலிருந்து வெளிவந்தது. ஆங்கில நூல் அது. அவர் பிறந்த ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுவதால், பரிசு தர அதுவே பொருத்தமான நாள்.

செலவே இல்லாத பரிசும் உண்டு. பிள்ளையை ஒரு நல்ல ஆட்டத்துக்கு அழைத்துச் செல்வதே அது. சென்னை எழும்பூரிலுள்ள மேயர் ராதாகிருஷ்ணன் விளையாட்டரங்கில் 2023-இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டிகள் நடைபெற்றன; இறுதி ஆட்டத்தில் இந்தியா மலேசியாவை 4-3 என்ற கணக்கில் வென்றது. தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள கோவில்பட்டி தமிழ்நாட்டு ஹாக்கியின் முக்கிய ஊர்களில் ஒன்று. அங்கு இலட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிகள் நடைபெறுகின்றன. 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அவ்வூரைச் சேர்ந்தவர். அதே அணியில் ஆடிய அரியலூர் கார்த்தி செல்வம் பயிற்சி பெற்றதும் கோவில்பட்டியில்தான். பெரிய ஆட்டக்காரரை நேரில் பார்த்த பிள்ளை அடுத்த நாள் காலையில் தானே மட்டையை எடுக்கும்.

பராமரிப்பு

ஆட்டம் முடிந்ததும் மட்டையை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள்ளோ ஈரச் சுவரில் சாய்த்தோ வைக்கக் கூடாது. மண் தரையில் ஆடுபவர் தலையின் அடிப்பகுதியில் நாடா ஒட்டி, அது தேய்ந்ததும் மாற்றிக்கொண்டால் மட்டை நெடுநாள் உழைக்கும். சிலாம்பு எழுந்தால் உடனே உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கால் காப்பையும் கையுறையையும் பைக்குள் திணித்து வைக்காமல் நிழலில் உலர்த்த வேண்டும். பல் காப்பைக் குளிர்ந்த நீரில் கழுவி, துளையுள்ள பெட்டியில் வைக்க வேண்டும். அதை ஒருவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

வாங்கும் வரிசை

கையிலுள்ள பணம் குறைவாக இருந்தால் பின்வரும் வரிசையைப் பின்பற்றலாம்.

1. பல் காப்பு.
2. கால் காப்பு.
3. உயரத்துக்கும் தரைக்கும் பொருந்தும் எளிய மட்டை, பழையதாயினும் குற்றமில்லை.
4. ஒரு பந்து.
5. தரைக்கேற்ற காலணி, மண் தரையாயின் வீட்டில் உள்ளதே போதும்.
6. இடக்கைக் கையுறை.
7. ஓராண்டு தொடர்ந்து ஆடிய பின், பயிற்சியாளரைக் கேட்டு இரண்டாவது மட்டை.

முதல் ஆண்டில் பள்ளியின் பொது மட்டையைப் பயன்படுத்தும் வாய்ப்பு இருந்தால் மூன்றாவதையும் தள்ளிப்போடலாம். முதல் இரண்டையும் தள்ளிப்போடக் கூடாது.